புல் முடிச்சைத் தாண்டிய தொகுஜி

என் விடுதிச் சமையலறையின் பின்கதவைத் தட்டும் வழக்கமே தொகுஜியிடம் கிடையாது. வெளியே நின்று பலமாக ஒரு தும்மல் போடுவார். அவ்வளவுதான், மீன் வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போதும் பின்பக்கம் யாராவது தும்மினால் என் கை தானாகத் தேநீர்க் கெட்டிலுக்குப் போகிறது. அவர் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கைக்கு அது இன்னும் உறைக்கவில்லை.

ஷின்ஷு மலையில், குரோமாதா ஓடை கீழே இறங்கி அகலமாகும் இடத்தில் இருக்கிறது எங்கள் வெந்நீர் ஊற்று விடுதி. மாமனார் கட்டியது. கணவர் போரிலிருந்து திரும்பி வரவில்லை, விடுதி என் தலையில் விழுந்தது. அப்போது எங்கள் ஊர்வரை பேருந்து கிடையாது. வருகிறவர்கள் கடைசி ஏற்றத்தை மூச்சு வாங்க நடந்து ஏறுவார்கள். வெந்நீரில் ஊறி எழுந்ததும் அவர்கள் எதிர்பார்ப்பது உப்புப் பூசி, குச்சியில் குத்தி, கரிக் கணப்பில் சுட்ட இவானா மீன். பனி உருகி வரும் தண்ணீரில் வாழும் ட்ரௌட் வகை அது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி.

அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. என்னிடம் இருந்த நீளத் தட்டுகள் எல்லாம் ஒரே அளவு. அதில் வைக்கும் மீனும் ஒரே அளவாக இருக்க வேண்டும். தலையும் வாலும் விளிம்புக்குள் அடங்க வேண்டும். ஒருமுறை பக்கத்து ஊர்த் தலைவருக்கு, அவருடைய குமாஸ்தாவின் மீனைவிடச் சின்ன மீன் போய்விட்டது. மனிதர் சாப்பிட்டார், வாயைத் துடைத்தார், தங்காமலே கிளம்பிப் போய்விட்டார். அன்றைக்கே மீன் கொண்டுவருகிறவர்களிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். பெரியதும் வேண்டாம், பொடியும் வேண்டாம், எனக்குத் தட்டு மீன்தான் வேண்டும், மற்றதை ஓடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று.

கொண்டுவருகிறவர்கள் என்றால் இரண்டே பேர். ஒருவர் தொகுஜி. இன்னொருவர் கிஹெய், தொகுஜியின் தங்கை ஃபுசாவைக் கட்டியவர். கிஹெய்க்கு வாய் ஓயாது. பிடித்த மீனைவிடப் பிடிபடாமல் போன மீனைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். தொகுஜி அதற்கு நேர் எதிர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க எனக்கு ஒரு மஞ்சு செலவாகும். பயறுப் பூரணம் வைத்து அவித்த அந்த உருண்டை என்றால் அவருக்கு உயிர். குளிர்காலத்தில் என் கூரைப் பனியைத் தள்ளிவிட வரும்போதும் கூலிக்கு முன்னால் மஞ்சு இருக்கிறதா என்றுதான் கண்ணால் தேடுவார்.

தண்டுக்கீரை பறிக்க ஓடைக்கரைக்குப் போகிறபோது அவர் மீன் பிடிப்பதை ஒளிந்திருந்து பார்த்திருக்கிறேன். குரோமாதா சமவெளி ஆறுபோல அடக்கமாக ஓடாது. பாறைக்குப் பாறை முட்டி, நுரைத்து, விழுந்தடித்துக்கொண்டு வரும். ஆனால் ஒவ்வொரு பாறைக்கும் பின்னால், சிலதற்கு முன்னாலும், கொஞ்சம் தண்ணீர் ஒதுங்கி மூச்சு வாங்கும். கல்மடு என்போம். சில கல்மடு சோற்றுப் பானை அகலம்தான் இருக்கும். மீன் அதில்தான் நிற்கும், ஓட்டத்தை எதிர்த்து மேலே பார்த்தபடி. அதனால் தொகுஜி எப்போதும் கீழிருந்து மேலேதான் போவார். மீனின் முதுகுப் பக்கமாக வந்து, பாறையின் மறைவில் முட்டி போட்டு உட்காருவார். கையில் மூங்கில் கழி. அதன் நுனியில் குதிரைவால் முடியை முறுக்கிய சரடு. சரடின் முனையில் சேவல் இறகு சுற்றிய ஒரே ஒரு முள். புழு கிடையாது, தக்கை கிடையாது. கழியை உயர்த்திப் பிடித்தபடி இறகை மட்டும் மடுவில் உட்கார வைப்பார். சரடு தண்ணீரைத் தொடவே தொடாது. தொட்டால் இடையில் ஓடும் வேகம் அதை இழுக்கும், இறகும் கூடவே ஓடும், மீன் உஷாராகிவிடும். ஒரு மூச்சு விடும் நேரம் வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். பாயவில்லை என்றால் எழுந்து அடுத்த மடுவுக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் மஞ்சுவை நீட்டிக்கொண்டே கேட்டேன். "ஏன் அவ்வளவு அவசரம்? இன்னும் நாலு தடவை போட்டுப் பாக்கக் கூடாதா?"

"ஓடுற தண்ணி, ஒகாமி." விடுதி நடத்தும் பெண்ணை எங்கள் பக்கம் ஒகாமி என்றுதான் கூப்பிடுவார்கள். "மீனுக்கு யோசிக்க நேரமே இல்ல. வேணும்னா உடனே பாயும். இல்லேன்னா இல்லதான். கெஞ்சிக்கிட்டு நின்னா நம்ம நிழலைத்தான் அது பாக்கும்."

அந்த ஒரு மஞ்சுவுக்கு அன்று இவ்வளவு பேச்சு கிடைத்தது பெரிய லாபம்.

எங்கள் ஓடைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதலில் வருகிறவர் ஓடையின் வாயில் வளர்ந்து நிற்கும் புல்லில் ஒரு கொத்தைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டு மேலே போவார். திரும்பி வரும்போது அவிழ்த்துவிடுவார். முடிச்சு இருந்தால் ஓடைக்குள் ஆள் இருக்கிறார், வேறு யாரும் காலை வைக்கக் கூடாது. ஆள் நடந்த ஓடையில் மீன் மிரண்டு கிடக்கும். பின்னால் போகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது. சுற்று வழியில் முந்திப் போய்விட்டால் முதலில் வந்தவர் வயிற்றில் அடித்த மாதிரி. காவல்காரர் இல்லை, அபராதம் இல்லை. ஒரு கொத்துப் புல்தான் எல்லாம்.

அந்தப் புல்லில்தான் மச்சான்களுக்குள் வந்தது வினை. ஃபுசாவுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகவில்லை. கிஹெய் விடியற்காலையில் முடிச்சுப் போட்டுவிட்டு, ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில் இடது கிளையில் ஏறியிருக்கிறார். அதை முடித்து வலது கிளைக்குப் போகலாம் என்று இறங்கி வந்தால், அந்தக் கிளையிலிருந்து கூடை நிறைய மீனோடு தொகுஜி இறங்கி வருகிறார். ஓடை வாயில் முடிச்சு எதையும் பார்க்கவில்லை என்றார் தொகுஜி. இருவருமாக வந்து பார்த்தார்கள். முடிச்சு இருந்தது, சேற்றோடு சேர்த்து மிதிபட்டுக் கிடந்தது.

"காட்டாடு ஏதாவது மிதிச்சிருக்கும்" என்றார் தொகுஜி.

"காட்டாடு வைக்கோல் செருப்பு போட்டுக்கிட்டா வந்துச்சு?" என்றார் கிஹெய்.

ஊர் முழுக்க அந்தக் கேள்வி பரவிவிட்டது. நல்ல கேள்வி என்பதுதான் தொகுஜியின் கெட்ட நேரம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தொகுஜிக்குப் 'புல்மிதி' என்று பட்டப்பெயரும் விழுந்தது. அவர் உண்மையிலேயே பார்க்கவில்லையா, பார்த்தும் மிதித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. குரோமாதாவைக் கிஹெய்க்கே விட்டுவிட்டு, அடுத்த பள்ளத்தில் இருக்கும் சோனியான ஓடைக்குத் தொகுஜி மாறிக்கொண்டார். மச்சான்களுக்குள் பேச்சு நின்றது. ஃபுசா பிறந்த வீட்டு வாசலை மிதிப்பதை விட்டாள். முன்னோர்களுக்கு விளக்கேற்றும் ஒபோன் பண்டிகைக்குக்கூட அண்ணன் வீட்டுக்கு வராமல், அப்பா அம்மா சமாதிக்குத் தனியாக வந்து போனாள். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆண்கள் ரோஷப்பட்டுக்கொண்டு திரிவார்கள், அழுவது யார்?

அதன் பிறகு தொகுஜியின் ஜாக்கிரதை எல்லை மீறிப் போய்விட்டது. காற்றில் மடிந்த புல்லைக் கண்டால்கூட நின்று குனிந்து பார்ப்பார். ஊர்ப் பிள்ளைகள் சும்மா விடுமா? குளியலறைப் பாதையில், கோயில் படியில், அவர் வீட்டு வாசலில் என்று கண்ட இடத்தில் புல்லை முடிந்து வைத்துவிட்டு ஒளிந்துகொள்ளும். அவர் நின்று, தலையைச் சொறிந்து, சுற்றிக்கொண்டு போவார். தன் வீட்டுக்குள்ளேயே ஜன்னல் வழியாக ஏறிக் குதித்ததை நான் பார்த்தேன். சிரித்துவிட்டேன், பிறகு மனசு சங்கடமாக இருந்தது.

இப்படியே வருடங்கள் ஓடின. ஓர் ஒபோன் பண்டிகைச் சமயம், விடுதி நிரம்பி வழிந்தது. தட்டு மீனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். கிஹெய் குரோமாதாவுக்குள் போனவர் சாயங்காலம் திரும்பவில்லை. மேலே கரி மூட்டம் போடுகிறவர்களின் குடிசை ஒன்று உண்டு. அதில் தங்கியிருப்பார், முன்பும் தங்கியிருக்கிறாரே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை இரண்டு பேர் ஓடை வாய்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"முடிச்சு இருக்கு ஒகாமி. மேலதான் இருக்கார்" என்றார் ஒருவர். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"மேல இருக்கார் சரி. எப்படி இருக்கார்?"

 முடிச்சு இருக்கும்போது உள்ளே போவது அவர்கள் மனதில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆள் உள்ளே செத்துக் கிடந்தாலும் புல் பச்சையாக இருக்கிறவரை வாசலில் நின்று கும்பிடு போட்டுவிட்டு வருவார்கள்போல. திட்டித் தீர்த்துவிட்டு நிமிர்ந்தால், பின்கதவில் ஃபுசா நிற்கிறாள். மலை முகட்டில் கருமேகம் கூடிக்கொண்டிருந்தது. இடிமழை இறங்கினால் குரோமாதா ஆள் உயரத்துக்கு ஏறும். மேல் ஓடையின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தவர் கிஹெய்யைத் தவிர ஊரில் ஒரே ஒருவர்தான்.

"நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அண்ணன்கிட்ட போவேன்?" என்றாள்.

"இருக்கிற முகத்தோட வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

தொகுஜி வாசலில் வைக்கோல் செருப்புப் பின்னிக்கொண்டிருந்தார். நான்தான் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முடிச்சு இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அப்ப நான் எப்படிப் போறது ஒகாமி? நான் உள்ள போயி, அவன் பாட்டுக்குக் கூடையோட இறங்கி வந்தா? அன்னிக்கே சொன்னேன் பாத்தியான்னு ஊரே கேக்கும். தெரியாம மிதிச்சேன்னு சொல்லிட்டிருக்கேன். அதுவும் பொய்னு ஆயிடும்."

அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. அவரிடம் மிச்சம் இருந்ததே அந்த ஒரு சொல்தான்.  என் பின்னால் நின்ற ஃபுசா, "அண்ணா" என்றாள்.

 தொகுஜி பின்னிக்கொண்டிருந்த செருப்பை வைத்துவிட்டு உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் மூங்கில் கழி.

"ஆளைத் தேடப் போறீங்களா, மீன் பிடிக்கப் போறீங்களா?" என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஃபுசாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நானும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். காலையில் வந்த இரண்டு பேரும் கயிறும் தடியுமாகப் பின்னால் வந்தார்கள். ஓடை வாயில் முடிச்சு அசையாமல் நின்றது. தொகுஜியின் கால் அதன் முன்னால் நின்றுவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து, புல்லை முடிச்சோடு பிடுங்கித் தூர எறிந்தேன்.

"என்ன காரியம் பண்ணீங்க!" என்று கத்தினார். அவர் கத்தி அன்றுதான் கேட்டேன். ஓடிப்போய் அந்தப் புல்லை எடுத்து வந்து, அதே இடத்தில் ஈர மண்ணில் ஊன்றி, விரலால் அழுத்தி நிற்க வைத்தார். "அவன் போட்ட முடிச்சு. அது நிக்கட்டும். தாண்டுறதா இருந்தா, தெரிஞ்சே தாண்டறேன்."

பிறகு காலை நன்றாகத் தூக்கி அதைத் தாண்டி வைத்தார். பின்னால் வந்த இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெரிய அவமானத்தைப் பார்த்துவிட்டவர்கள்போல.

ஓடைக்குள் கூப்பிட்டுப் பயனில்லை. தண்ணீரின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. தொகுஜி கூப்பிடவும் இல்லை. முதல் கல்மடுவுக்குக் கீழே முட்டி போட்டார், இறகை வைத்தார். விரல் நீளத்தில் ஒரு பொடி பாய்ந்தது. கழற்றித் தண்ணீரில் விட்டார். அடுத்த மடுவில் ஒன்றுமில்லை. அதற்கு அடுத்ததில் முழங்கை நீளத்துக்கு ஒரு கிழட்டு மீன். அதையும் விட்டார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. அவர் காதருகே போய்க் கத்தினேன்.

"மச்சான் எங்க கிடக்காரோ, உங்களுக்கு மீன் கேக்குதா?"

"பொடி. கிழடு. பொடி" என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "தட்டு மீன் ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் அவன் எடுத்துட்டான். இது வரைக்கும் வந்திருக்கான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் தட்டின் அளவை வைத்து இந்த மனிதர் வழி கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

ஓடை பிரியும் இடம் வந்தது. இடது கிளையின் முதல் மடுவில் இறகு பட்டதுமே ஒரு தட்டு மீன். பார்த்தார், விட்டார். இன்னொரு மடு, இன்னொரு தட்டு மீன். "இந்தப் பக்கம் வரல" என்று வலது கிளையில் ஏறினார். அங்கே மறுபடியும் பொடி, கிழடு, வெறும் மடு. ஏற ஏறப் பாறைகள் வீடு வீடாகப் பெருத்தன. தூரத்தில் இடி உறுமியது. நான் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஏறினேன். அவரோ ஒரு மடுவையும் தவறவிடாமல் முட்டி போட்டு, வைத்து, எடுத்து, போய்க்கொண்டே இருந்தார்.

பிறகு ஒரு மடுவில் வைத்த உடனே சரடு வெட்டி இழுத்தது. தூக்கினார். தலையும் வாலும் கச்சிதமாக, என் தட்டில் அப்படியே படுக்க வைக்கலாம். அத்தனை வருடத்தில் எத்தனையோ தட்டு மீன் பார்த்திருக்கிறேன். ஒன்றைப் பார்த்து நான் பயந்தது அன்றுதான். தொகுஜியின் கையில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இந்த மடுவுக்கு அவன் வரல" என்றார்.

மேலே இன்னொரு மடுவையும் பார்த்தார். அங்கேயும் தட்டு மீன். கழியைப் பாறையில் சாய்த்துவிட்டுக் கீழே இறங்கி, கடைசியாக வெறுமையாக இருந்த மடுவுக்கும் இதற்கும் நடுவில் நின்றார். கிஹெய் என்று கூப்பிட்டுக்கொண்டு அங்கும் இங்கும் ஓடவில்லை. தட்டு மீன் கிடைத்த அந்த மடுவையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குத்தானே பேசினார், பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"நான் அந்தக் கரையிலேருந்து இறகைப் போட்டேன். கழுத்தை நீட்டவேண்டி இருந்துச்சு. அவன் குள்ளன். அவனா இருந்தா எங்க உக்காருவான்?"

இந்தக் கரையில் பாசி படர்ந்த சரிந்த பாறை ஒன்று இருந்தது. அதன் மேல் போய்க் கிஹெய் உட்காருவதுபோலவே உட்கார்ந்து, இல்லாத கழியைப் பிடித்துக் கையை உயர்த்தினார். குனிந்து பார்த்தார். அவர் முட்டிக்குப் பக்கத்தில் பாசி நீளமாக உரிந்திருந்தது. உரிந்த தடம் பாறையின் பின்பக்க இடுக்குக்குள் இறங்கியது. அப்படியே குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டார்.

நானும் பக்கத்தில் படுத்து எட்டிப் பார்த்தேன். இடுக்கின் அடியில், இடுப்பளவு தண்ணீரில், ஒரு கால் இரு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, கூடை கழுத்தில் தொங்க, கிஹெய் இருந்தார். உதடு நீலம். கத்திக் கத்திக் குரல் செத்துப் போயிருந்தது. மேலே தெரிந்த முகத்தைப் பார்த்து, யார் என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் அந்த மனிதர் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"முடிச்சு போட்டிருந்தேனே."

"பாத்தேன்" என்றார் தொகுஜி. தலையை இன்னும் உள்ளே நீட்டினார். மறுபடி சொன்னார். "இந்தத் தடவை பாத்தேன்டா."

கிஹெய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.  கடைசியில், "மச்சான், கால் வலிக்குது" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவோ வருடம் ஆகியிருந்தது. நான் பாறையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

கயிறும் தடியும் போட்டுப் பாறையை நெம்பித் தூக்கினோம். மழைத் தண்ணீர் ஓடையில் ஏறுவதற்குள் கிளை பிரியும் இடத்தைத் தாண்டிவிட்டோம். தடியில் கட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டு வரும்போது கிஹெய்க்குப் பேச்சுத் திரும்பிவிட்டது. மேலே சாய்த்து வைத்த கழியைத் தொகுஜி மறந்துவிட்டு வந்ததைக் கண்டுபிடித்துக் கிண்டல் செய்ய ஆரம்பித்தார். ஓடை வாய்க்கு வந்ததும் தடியை இறக்கச் சொன்னார். கையை நீட்டி, தன் முடிச்சைத் தானே அவிழ்த்தார். அது வேரில்லாத புல் என்பது கையோடு வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

"யாரு பிடுங்கினது?"

"காட்டாடு" என்றார் தொகுஜி.

அன்று என் விருந்தினர்களுக்குத் தட்டு மீன் இல்லை. டோஃபுவும் ஊறுகாயும் போட்டேன், கதையையும் சொன்னேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

கிஹெய்யின் கால் அதன் பிறகு சரியாக மடங்கவில்லை. குரோமாதாவில் தொகுஜி ஏறினார். கிஹெய் வீட்டில் உட்கார்ந்து அவருக்கு இறகு முள் கட்டினார், எந்த மடுவில் எப்படி வைக்க வேண்டும் என்று உபதேசமும் செய்தார். தொகுஜி மஞ்சுவை மென்றுகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். ஒபோனுக்கு ஃபுசா அண்ணன் வீட்டில் விளக்கேற்றினாள். 'புல்மிதி' என்ற பெயர் மட்டும் போகவில்லை. ஆனால் அதைச் சொல்லுகிற குரல் மாறிவிட்டது. அந்த வருடங்களை நினைத்தால் எனக்குக் கணப்புப் புகையின் வாசனையும் பின்கதவுத் தும்மலும் சேர்ந்தே வரும். அப்படி ஒரு காலம் மறுபடி வராதா என்று இருக்கும்.

ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றித் தொகுஜி போய்விட்டார். பனி ஆழமாக இருந்ததால் ஓடைப் பக்கம் யாரும் போகவில்லை. பனி உருகி, மீன் பிடிக்கும் காலம் திறந்த அன்று காலை, ஃபுசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கிஹெய் என் விடுதியைத் தாண்டி நடந்து போனார். நானும் கூடப் போனேன். ஓடை வாயில் புதுப் புல் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கொத்தைப் பிடித்து முடிச்சுப் போட்டார். அவசரப்படாமல், இறுக்கமாக.

"மச்சான் மேல போயிருக்கார்" என்றார் எங்களைப் பார்த்து. "இறங்கி வர நேரமாகும்."

புல் வாடினால் வந்து வேறு முடிச்சுப் போட்டார். அந்தக் கோடை முழுவதும் குரோமாதாவுக்குள் ஒருவரும் காலை வைக்கவில்லை. விடுதிக்கு வந்தவர்களுக்கு நீளத் தட்டில் டோஃபுதான். மீன் எங்கே என்று யாராவது கேட்டால், தொகுஜி மேலே போயிருக்கிறார், அவர் வந்ததும் தருகிறேன் என்று சொல்லிவிடுவேன்.